பிறந்த தேதியில் தொடங்காதீர்கள்

ஓய்வு பெற்ற மறு வாரமே தடிமனாக ஒரு நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் 'பேரப்பிள்ளைகளுக்காக' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அடுத்த பக்கத்தில், 'நான் 1953-ஆம் ஆண்டு ஒரு சிற்றூரில் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தேன்.' அதோடு சரி. நாலு மாதம் நோட்டு பீரோ மேல் கிடந்தது. கடைசிப் பக்கத்தில் என் மனைவி பால் கணக்கு எழுத ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

வீட்டாருக்காக வாழ்க்கைக் கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் இந்த முதல் வரியிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். பிறந்தது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஞாபகமே இல்லாத இடத்தில் தொடங்கினால் பேனா எப்படி ஓடும்? நன்றாக நினைவிருக்கும் ஏதாவது ஒரு நாளில் தொடங்குங்கள். முதல் சம்பளம் வாங்கிய நாளோ, வீட்டுக்குக் கரண்ட் வந்த நாளோ, எதுவானாலும் சரி. வரிசையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

'மூடு வரட்டும், எழுதலாம்' என்று காத்திருப்பது அடுத்த தவறு. ஈஸி சேரில் சாய்ந்து யோசித்தால் தூக்கம்தான் வரும். என்னைக் கிளப்பிவிட்டது ஒரு மொய் நோட்டு. பரணைச் சுத்தம் செய்தபோது எங்கள் கல்யாண மொய் நோட்டு கிடைத்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, 9.9.1979 என்று தேதி. ஐந்து, பதினொன்று, இருபத்தொன்று என்று ஊர்வாரியாகப் பெயர்கள். நடுவில் ஒரு வரி: 'டீக்கடைக்காரர், ரூ. 2.'

நான் வேலைக்குச் சேர்ந்த ஊரில், தங்கியிருந்த அறைக்கு எதிரே கடை போட்டிருந்தவர் அவர். மாதக் கடைசியில் முகம் சுளிக்காமல் கடனுக்கு டீ கொடுப்பார். இரண்டு பஸ் மாறி வந்து, மொய் எழுதிவிட்டு, சாப்பிடக்கூட இல்லாமல் கிளம்பினார். கடையைப் பூட்டிவிட்டு வந்தாராம். முப்பது வருஷமாக அவரை நான் நினைத்ததே இல்லை. அன்று சாயங்காலம் மூன்று பக்கம் எழுதினேன்.

அதன் பிறகு பாத்திரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் புள்ளிபுள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும்: யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, எந்தத் தேதி. சடங்கு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஒரு குடும்பத்தின் பாதி வரலாறு அடுக்களை அலமாரியில் இருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பழைய ரேஷன் கார்டு, இன்லண்ட் லெட்டர் எல்லாமே உதவும். போட்டோக்களை மட்டும் கடைசியில் எடுங்கள் என்பேன். அதில் எல்லோரும் விறைப்பாக நின்று கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார்கள். கதை சொல்ல மாட்டார்கள்.

சரி, ஓட ஆரம்பித்துவிட்டது. இப்போது வரும் ஆபத்து, பயோடேட்டா எழுதுவது. எந்த வருஷம் பதவி உயர்வு, எந்த ஊருக்கு மாற்றல், எந்த அதிகாரி பாராட்டினார். இப்படிப் பன்னிரண்டு பக்கம் எழுதிப் பேத்தியிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "தாத்தா, அந்த ஊர்ல உங்களுக்கு யாரு சமைச்சா?" என்று கேட்டாள். பன்னிரண்டு பக்கத்தில் அது இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களோடு வேலை பார்த்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி 1761-இல் இறக்கும்வரை எழுதினார். துரைமார்களின் அரசியலோடு, துறைமுகத்துக்கு வந்த கப்பல், சரக்கு வியாபாரம், வீட்டு நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுதி வைத்தார். இன்றைக்கும் அதைப் புரட்டுகிறார்கள் என்றால் அந்தச் சில்லறை விவரங்களுக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் வாடகை, மெஸ் சாப்பாட்டு விலை, சைக்கிள் வாங்கக் கடன் கொடுத்த ஆள், இதையெல்லாம் எழுதுங்கள்.

எழுதும்போது கொஞ்சம் விளக்கவும் வேண்டும். 'நாலணா கொடுத்தார்' என்றால் பேரனுக்கு என்ன புரியும்? 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. அதற்கப்புறமும் 25 காசை நாலணா என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கும் காலேஜ் பட்டத்துக்கும் நடுவே படித்த பி.யு.சி., எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்து வெளியூருக்குப் பேசிய டிரங்க் கால் எல்லாம் இந்த வகைதான். தந்திச் சேவையையே 2013-இல் மூடிவிட்டார்கள். 'தந்தி வந்ததும் வீடே அழுதது' என்று எழுதினால், உறையைப் பிரிக்கும் முன்பே ஏன் அழுதார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

தேதியில் வழுக்குவது சகஜம். எங்கள் தலைமுறையில் பலருக்குப் பிறந்த நாள் இரண்டு. ஜாதகத்தில் ஒன்று. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொண்ட வாத்தியார் தோராயமாகப் போட்டது இன்னொன்று. இரண்டையும் எழுதிவிடுங்கள், எது எதுவென்று சொல்லி. தமிழ் வருஷத்தை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1904-இலும் குரோதி பிறந்தது, 1964-இலும் பிறந்தது, 2024-இலும் பிறந்தது. 'குரோதியில் பிறந்தவர்' என்று வெறுமனே எழுதி வைத்தால் தாத்தாவும் பேரனும் ஒரே வயதாகிவிடுவார்கள். ஆங்கில வருஷம் ஞாபகம் இல்லையென்றால் ஊரறிந்த சம்பவம் ஒன்றில் முடிச்சுப் போடுங்கள். தனுஷ்கோடியைப் புயல் அழித்தது 1964 டிசம்பர். 'புயலுக்கு அடுத்த பொங்கல்' என்று அம்மா சொல்லியிருந்தால் அது 1965 தை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது பெயர் விஷயம். எழுத்து முழுக்க 'அத்தை', 'பெரியம்மா', 'சின்ன ஆச்சி' என்றே போட்டிருந்தேன். நம் நாவுக்கு அதுதான் பழக்கம். பெரியவர்களைப் பெயர் சொல்வதில்லை. ஆனால் இரண்டு தலைமுறை கழித்துப் படிக்கிறவர்களுக்கு எந்த அத்தை? என் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயரைக் கண்டுபிடிக்க நாலு வீடு ஏறி இறங்கினேன். பத்திரத்திலும் பட்டாவிலும் தாத்தா பெயர்தான் இருந்தது. உறவுமுறையோடு பெயரையும் ஒருமுறையாவது எழுதுங்கள், குறிப்பாகப் பெண்களுடையதை.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பேசும்போது 'பசிச்சுது' என்கிறவர் பேனா பிடித்ததும் 'பசிப்பிணி வாட்டியது' என்று எழுதுவானேன்? எழுத வராவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். யாராவது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் இன்னும் நல்லது.

முடித்த பிறகு காட்டலாம் என்றும் இருக்காதீர்கள். உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றை ஆனந்த விகடனில் 1940-இல் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 85-ஐ ஒட்டி இருந்தது. 1942-இல் அவர் மறைந்தபோது அது முடிந்திருக்கவில்லை. வாரா வாரம் வெளிவந்ததால் எழுதிய வரைக்கும் நமக்குக் கிடைத்தது.

கடைசியாக, பங்காளிச் சண்டை. எங்கள் வீட்டில் அது கிணறு. பாகம் பிரித்தபோது கிணறு பொது, தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். ஒரு கோடையில் என் முறையில் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டார் என்று ஆரம்பித்து ஏழு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. அதை ஒரே மூச்சில் நாலு பக்கம் எழுதினேன். ஒரு மாதம் கழித்து எடுத்துப் படித்தால், அந்த நாலு பக்கத்தில் நான் சொன்ன ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. அவர் சொன்னது மட்டும் அட்சரம் பிசகாமல் இருந்தது. கிழித்துப் போடவும் மனமில்லை. விட்டுவிட்டால் அந்த ஏழு வருஷம் ஏன் எந்தக் கல்யாணப் போட்டோவிலும் நாங்கள் சேர்ந்து நிற்கவில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகும். நான் பேசியதையும் சேர்த்துத் திரும்ப எழுதினேன். யாருக்கும் காட்டும் முன் அண்ணனிடம் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். முடித்ததும் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்.

"அது அஞ்சு எச்.பி. மோட்டார் இல்லடா தம்பி. மூணு எச்.பி."