நரிப்பயறு விதை சேகரிக்கும் முறை: புதிதாகத் தொடங்குவோருக்கு

திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் விதைக்கப்படும் வீரிய ஒட்டுச் சூரியகாந்தி, வட அமெரிக்கக் காட்டுச் செடி ஒன்றுக்குக் கடன்பட்டது. ஹெலியாந்தஸ் பெட்டியோலாரிஸ் என்னும் அந்தக் காட்டு இனத்தோடு கலப்பு செய்து கிடைத்த ஆண்மலட்டுத் தன்மையை, அதாவது பூவில் வளமான மகரந்தம் உண்டாகாத இயல்பை, பிரான்சு ஆய்வாளர் லெக்லெர்க் 1969-இல் வெளியிட்ட பிறகே ஒட்டு விதை உற்பத்தி பெருமளவில் கைகூடியது. பாசிப்பயறுக்கும் உளுந்துக்கும் அப்படியொரு காட்டு உறவு நம் வரப்புகளிலேயே படர்ந்து கிடக்கிறது. வறட்சியைத் தாங்கும் நரிப்பயறுதான் அது.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகர்மலை போன்ற காப்புக்காடுகளிலும், 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியிலும் உரிய அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது. தொடக்கத்தில் பட்டா நிலத்து வரப்புகளே போதும். நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். தரையோடு படரும் கொடி, மூன்று மடலாகப் பிளந்த சிற்றிலைகள், சிறிய மஞ்சள் பூ ஆகியவை அடையாளம்.

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில், பனி ஈரம் காயுமுன் செல்லுங்கள். முற்றிய நெற்று வெயில் ஏறியதும் பட்டென்று வெடித்து, இரு தோல்களும் திருகாணிபோல் சுருண்டு, விதையை எட்ட எறிந்துவிடும்; ஆகவே கறுத்தும் வெடிக்காமல் இருக்கும் நெற்றுகளைக் கையால் பொத்திப் பறிக்க வேண்டும்.

இனி முக்கியமான கட்டம். செழித்த ஒரே கொடியை மொட்டையடித்தால் கிடைப்பது ஒரே செடியின் மரபுக்கூறுதான். ஐம்பது செடிகளையாவது தள்ளித் தள்ளித் தேர்ந்து, நலிந்தவற்றையும் விடாமல், ஒவ்வொன்றிலும் சில நெற்றுகள் மட்டும் எடுங்கள். அன்று முற்றியிருக்கும் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்; மீதம் மண்ணுக்கு உரியது.

தேதி, ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, மண்வகை, அருகில் வளரும் செடிகள், ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள். பூவும் காயும் உள்ள ஒரு கொடியைச் செய்தித்தாளில் அழுத்திச் சேர்த்து வையுங்கள். பெயரில் ஐயம் எழுந்தால் அதுவே சான்று.

விதையைத் துணிப்பையிலோ காகித உறையிலோதான் கொண்டுவர வேண்டும். நான் முதல் முறை பாலித்தீன் பையில் கட்டி வைத்து, இரண்டே நாளில் முழுவதும் பூஞ்சணம் பிடித்துப் போனதை எண்ணினால் இன்றும் மனம் வலிக்கிறது. நிழலில் நன்கு உலர்த்தி, குறிப்பின் நகலோடு, மதுரை வேளாண்மைக் கல்லூரியையோ வம்பன் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையத்தையோ அணுகி, விதைகளை நெடுங்காலம் பாதுகாக்கும் மரபணு வங்கியில் சேர்க்கும் வழியைக் கேளுங்கள். விதைத்தோல் கடினமானது என்பதால், முளைப்புத் திறன் பார்க்கும்போது மட்டும் சில விதைகளை உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து ஊறவையுங்கள்.