ஊர் ஊராகப் போகும் ஜக்லர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பந்தை வீசிப் பிடித்தும் தட்டைக் கம்பில் சுற்றியும் மேடையில் வித்தை காட்டுபவர்கள்தான் ஜக்லர்கள். அப்படி, முதல் வெளிநாட்டு ஒப்பந்தத்துக்குக் கிளம்பும் இரண்டு பையன்கள் போன மாதம் என்னைப் பார்க்க வந்தார்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார்கள். பந்து, கிளப் (வீசிப் பிடிக்கும் மட்டை), தட்டு, கம்பு, மேடைச் சட்டை, பாட்டு இருக்கும் பென் டிரைவ் எல்லாம் அதற்குள். ஒவ்வொன்றுக்கும் ஸ்பாஞ்சில் அளவாகக் குழி வெட்டியிருந்தார்கள். "எப்படிண்ணே இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் ஒரு காலத்தில் கட்டிய பெட்டியும் அச்சு அசலாக இப்படித்தான் இருந்தது.

பயிற்சி போதாது, கையைப் பார்க்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை நாளாக ஆகத் தானே சரியாகிவிடும்.

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுவது

உல்லாசக் கப்பல் ஒன்றில் நிகழ்ச்சி நடத்த ஒப்பந்தம். பார்சிலோனாவில் ஏற வேண்டும். விமானத்திலிருந்து நான் இறங்கினேன், பெட்டி இறங்கவில்லை. ஊருக்குள் இருக்கும் அரங்கம் என்றால் மறுநாள் வந்து சேர்ந்திருக்கும். கப்பல் யாருக்காக நிற்கும்? பெட்டி பார்சிலோனாவுக்கு வந்தபோது நான் மார்செய்யில். அங்கே அனுப்பியபோது ஜெனோவாவில். ஆறாம் நாள் நேப்பிள்ஸில்தான் கைக்குக் கிடைத்தது.

என் நிகழ்ச்சி மூன்றாம் நாள். கப்பல் சமையலறையில் கெஞ்சி எட்டுத் தட்டு வாங்கினேன். கம்புக்குத் துடைப்பக் கழி. தட்டுதானே, எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தேன். தட்டின் அடியில் வளையமாக ஒரு விளிம்பு இருக்கும். கம்பின் நுனியை அதன் உள்பக்கம் உரசியபடி சுற்றினால் தட்டும் கூடச் சுற்றும். வேகம் பிடித்ததும் கையை நிறுத்தினால் நுனி நடுவுக்கு வந்துவிடும். நாம் பழகும் தட்டில் அந்த விளிம்பு ஆழமாக இருக்கும், நடுவில் நுனி உட்கார ஒரு குழியும் இருக்கும். சாப்பாட்டுத் தட்டிலோ விளிம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, அடியெல்லாம் வழவழப்பு. துடைப்பக் கழி வளைந்தும் கொடுக்காது. நாலு தட்டு உடைந்தது. ஐந்தாவது முன்வரிசைக் காலடியில் போய் விழுந்ததும் திரையை இழுத்துவிட்டார்கள்.

நாலு வார ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிந்தது. பெட்டி தாமதமானதற்குப் பிறகு கிடைத்த இழப்பீடு இரண்டு சட்டை வாங்கத்தான் போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் யாராவது "எல்லாம் ஒரே பெட்டியில, வசதியா இருக்கு" என்று சொன்னால் எரிச்சல் வருகிறது.

பந்து, நாலு தட்டு, மேடைச் சட்டை, பாட்டின் ஒரு பிரதி இவை கைப்பையில் வர வேண்டும். கிளப்பைப் பார்த்தால் பேஸ்பால் மட்டை போல இருப்பதால் விமான நிலையச் சோதனையில் பல சமயம் விடமாட்டார்கள். அது சரக்கில்தான் போகும். கம்பைத் துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும்படி வாங்கி, பாதியை இன்னொரு பெட்டியில் வையுங்கள். வந்ததை வைத்து ஆறு நிமிடமாவது ஓட்ட முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

தீப்பந்த எண்ணெயை விமானத்தில் கொண்டுபோவது

கூடாது. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்குங்கள்.

முதல் காட்சியை ஒத்திகையாக நினைப்பது

அமெரிக்காவில் 1880களிலிருந்து 1930களின் தொடக்கம் வரை கொடிகட்டிப் பறந்த வோடவில்தான் நம் பிழைப்புக்குப் பாட்டன். பாட்டு, நகைச்சுவை, வித்தை என்று பலர் ஒருவர் பின் ஒருவராக வந்துபோகும் மேடை நிகழ்ச்சி அது. அங்கே பல ஊர்களில் அரங்கு நடத்திய கீத் நிறுவனத்தின் மேலாளர்கள் வாரத்தின் முதல் காட்சியைப் பார்த்து, ஒவ்வொருவரைப் பற்றியும் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். பேசாமல் செய்யும் ஜக்லருக்கு, ஜனங்கள் இருக்கை தேடிக்கொண்டிருக்கும் முதல் இடமோ, எழுந்து போகத் தொடங்கும் கடைசி இடமோதான் பெரும்பாலும் கிடைக்கும். அந்தச் சந்தடியிலும் ஆளை உட்கார வைக்க வேண்டியிருந்தது. இப்போதும் கப்பலில் முதல் இரவுதான் உங்களை எடைபோடுகிறார்கள்.

கூரையைக் கேட்காமல் ஒப்புக்கொள்வது

உயரம் எத்தனை அடி, விளக்கு எங்கிருந்து அடிக்கும், ஏசிக் காற்று எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பழைய ஐரோப்பிய அரங்குகள் சிலவற்றில் மேடையே முன்பக்கம் சரிந்திருக்கும். விழுந்த பந்து நேரே இசைக்குழுவுக்குள் போகும்.

விழுந்ததும் மன்னிப்புக் கேட்பது

பிற்காலத்தில் சினிமாவில் பேர் வாங்கிய டபிள்யூ. சி. ஃபீல்ட்ஸ், வோடவிலில் கந்தல் உடையோடு சுருட்டுப் பெட்டிகளை வைத்து ஜக்லிங் செய்தவர். தவறுவதையே அவர் சிரிப்பாக்கிவிடுவார். எது நிஜத் தவறு, எது நடிப்பு என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நீங்கள் முகத்தைச் சுருக்கினால் மட்டும் தெரிந்துவிடும்.

எட்டுத் தட்டும் ஆடாமல் சுற்றுவது

யாருக்கு வேண்டும்? முதல் தட்டு தள்ளாட வேண்டும், பின்வரிசையிலிருந்து ஒரு குழந்தை "அங்க, அங்க!" என்று கத்த வேண்டும். அப்புறம் ஓடிப்போய் அதைத் திரும்பச் சுற்றிவிடுங்கள்.

பாட்டை ஒரே நீளத்தில் வெட்டிக் கொடுப்பது

தட்டு வேலை இரண்டு நாள் ஒரே நேரத்தில் முடியாது. திரும்பத் திரும்ப ஓடும் பகுதி ஒரு கோப்பு, முடிவுத் துண்டு இன்னொரு கோப்பு. ஒலிக்காரரிடம் போய், "நான் தொப்பியைத் தொட்டதும் இரண்டாவதைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் தெரியாமல்கூடத் தொப்பியைத் தொட்டுவிடாதீர்கள்.