மாதிரி ரயிலின் பழைய பெயிண்டை நீக்க

பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகளின் நீல நிறத்தைத் தம்மிடமுள்ள பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிக்குத் தர விரும்புவோர், பழைய பெயிண்டின் மேலேயே பூசினால் பூச்சு தடித்து, ரிவெட் வரிசையும் சன்னல் விளிம்புகளும் மங்கிப்போகும். பழையதை நீக்குவதற்குத் தின்னரையோ அசிட்டோனையோ ஒருபோதும் தொடாதீர்கள், பாலிஸ்டைரீன், ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக் வகைகள் இரண்டையும் அவை கரைத்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பலவற்றிலும் அசிட்டோன் உண்டு.

ஏற்றது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். சக்கரம், மோட்டார், விளக்கு, சன்னல் கண்ணாடித் துண்டுகள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, பெட்டியின் வெளி ஓட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு இட்டு, பிளாஸ்டிக் பிசுபிசுக்கவோ வெளுக்கவோ இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே, மூடியுள்ள டப்பாவில் ஊறவிட வேண்டும். அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். பெயிண்ட் சுருங்கி, ஏடு ஏடாக எழும்பத் தொடங்கியதும் மென்மையான பழைய டூத் பிரஷ்ஷால் இதமாகத் தேய்த்தால், ரிவெட் இடுக்குகளில் ஒட்டியிருப்பதும் வந்துவிடும். விடாப்பிடியான இடங்களைக் கத்தியால் சுரண்டாமல் மறுபடியும் ஊறவைப்பதே நல்லது, ஏனெனில் கீறல் புதுப் பூச்சிலும் தெரியும்.

இத்திரவம் எளிதில் தீப்பற்றும் என்பதால் சமையலறையில் இவ்வேலை வேண்டாம். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இறுதியில் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்; சென்னையின் மொட்டைமாடி வெயிலில் மெல்லிய ஓடு வளைந்துவிடக்கூடும்.