பேயை மட்டும் தேடாதீர்கள்: மர்மக் காமிக்ஸில் நாம் கோட்டை விடும் இடங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், பந்திங் என்று எந்தத் தோட்டப்புற ஊரை எடுத்தாலும் பேய்க்கதைக்குப் பஞ்சமில்லை. கித்தாமரக் காட்டு இருட்டும், எல்லையில் நிற்கும் முனியாண்டியும், வாழைத்தோப்புப் பெண்பேயான போந்தியானாக்கும் லயத்து வாசலில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவை. கதை கேட்கும் காது நமக்கு நன்றாகவே பழகியிருக்கிறது. அமானுஷ்ய மர்மக் காமிக்ஸை எடுக்கும்போது அந்தப் பழக்கமே காலை வாரிவிடுகிறது. வசன பலூனில் உள்ள எழுத்தை மட்டும் ஓட்டிப் படித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பாதித் துப்பு படத்திலேயே கிடந்துவிடுகிறது.

மிகப் பெரிய தவறு, வரைந்திருப்பதெல்லாம் நடந்தது என்று நம்பிவிடுவது. உரைநடையில் 'அவனுக்கு ஓர் உருவம் தெரிந்தது போலிருந்தது' என்று எழுதித் தப்பிக்கலாம். காமிக்ஸில் அந்த உருவத்தை வரைந்தே ஆக வேண்டும். வரைந்ததும் மேசை நாற்காலியைப் போல அதுவும் மெய்யாகிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு படக் கட்டத்திலும் 'இது யார் கண்ணில் தெரியும் காட்சி?' என்று கேட்க வேண்டும்.

முதல் வாசிப்பை நிறுத்தாமல் முடித்துவிடுங்கள். பயமும் வேகமும் அதற்கு உரியவை. இரண்டாவது வாசிப்புக்கு ஒரு தாளில் 4 பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: பக்க எண், உருவத்தைப் பார்ப்பவர் யார், அருகில் இருப்பவரின் பார்வை எங்கே போகிறது, உருவம் போன பிறகு என்ன தடயம் மிஞ்சுகிறது. எல்லா வரிசையிலும் ஒரே ஆள்தான் பார்க்கிறார், தடயமும் இல்லை என்றால் அது அந்த மனிதரின் மனப்பேயாக இருக்கலாம். யாருமே பார்க்காத ஒரு கட்டத்தில் தரையில் ஈரக் காலடி தெரிந்தால், ஓவியரே சாட்சி சொல்கிறார் என்று பொருள். மற்ற வரிசைகளோடு ஒத்துப்போகாத அந்த ஒரு வரிசையில்தான் பெரும்பாலும் கதையின் முடிச்சு இருக்கும். நிழலையும் கண்ணாடியையும் கூடப் பாருங்கள். ஆனால் 'உருவத்துக்கு நிழல் இல்லை' என்று துள்ளுவதற்கு முன், அந்த ஓவியர் மற்றவர்களுக்காவது நிழல் போடுகிறாரா என்று சரிபார்ப்பது அவசியம். நிழலே வரையாத ஓவியர்களும் உண்டு.

அடுத்தது, நம் ஊர்ப் பேயின் சட்டத்தைப் பிற ஊர்ப் பேய் மேல் ஏற்றுவது. கெம்போஜாப் பூ வாசம் வந்தால் போந்தியானாக், பின்கழுத்தில் ஆணி அடித்தால் அடங்கும் என்பது மலாய் மரபு. சீனக் கதையின் நடைபிணம் சிங் காலத்து அதிகாரி உடையில், நெற்றியில் மந்திரத் தாளோடு குதித்துக் குதித்து வரும். ஜப்பானிய ஆவிக்கு விரிந்த கூந்தல், வெள்ளை உடை, கீழே கரைந்து மறையும் கால்கள். அதன் கிமோனோவின் மடிப்பைக் கவனியுங்கள். உயிரோடு இருப்பவர் அணியும்போது வலப்பக்கத் துணி உடம்போடு சேர்ந்திருக்கும், இடப்பக்கத் துணி அதன்மேல் வரும். இறந்தவருக்கு இது தலைகீழ். ஒரு பாத்திரம் இறந்துவிட்டவர் என்பதை ஒரு வார்த்தையும் இல்லாமல் ஓவியர் சொல்லிவிட முடியும்.

இங்கேதான் பதிப்பும் குழப்பம் செய்கிறது. ஜப்பானியக் காமிக்ஸ் வலமிருந்து இடமாகப் போகும். வெளிநாட்டு வாசகருக்காகப் படத்தைக் கண்ணாடி பிம்பம்போலத் திருப்பி அச்சிட்ட பழைய பதிப்புகள் இன்னும் கைமாறுகின்றன. அவற்றில் உயிரோடு இருப்பவரின் மடிப்பும் இறந்தவரின் மடிப்பாக மாறியிருக்கும். கதையில் எல்லாரும் இடக்கையால் சாப்பிட்டு, இடக்கையால் எழுதினால் உங்கள் கையில் இருப்பது திருப்பிய பதிப்பு. அதை வைத்து உடை, கை பற்றிய எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

'பேய் வந்துவிட்டால் துப்பறிவதற்கு என்ன இருக்கிறது?' என்பதும் அடிக்கடி கேட்கும் குறை. துப்பறியும் கதைக்கு 1929இல் 10 விதிகள் வகுத்த ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ், அமானுஷ்யத்துக்கு இடமே இல்லை என்று இரண்டாவது விதியில் எழுதினார். அந்த அளவுகோல் இந்த வகைக்குப் பொருந்தாது. இங்கே நேர்மை என்பது வேறு: கதை தன் பேய்க்குத் தானே வகுத்த எல்லையை மீறாதிருப்பது. எப்போது வரும், எது தடுக்கும், அதற்கு என்ன வேண்டும் ஆகிய மூன்றும் முன்பாதியிலேயே காட்டப்பட வேண்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் புதிய சக்தி ஒன்று முளைத்தால் தாராளமாகக் குறை சொல்லலாம்.

கைப்பேசியில் ஒவ்வொரு கட்டமாகத் தள்ளிப் படிப்பவர்கள் இழப்பது அதிகம். இடமிருந்து வலமாகப் போகும் புத்தகத்தில் தாளைத் திருப்பியதும் முதலில் படுவது இடப்பக்கம். அதிர்ச்சியை அங்கே வைத்துவிட்டு, அதற்கு முந்தைய வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கதவு திறக்கும், அல்லது ஒரு முகம் திரும்பும். ஜப்பானியப் புத்தகத்தில் பக்கங்கள் இடம் மாறும். கட்டங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் இந்தக் கட்டுமானம் தெரியவே தெரியாது. திரையில்தான் படிக்க முடியும் என்றால் கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, முதலில் எதிரெதிரே விரியும் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் பெரிதாக்குங்கள்.

கறுப்பு வெள்ளையை மலிவு வேலை என்று ஒதுக்குவது மனத்துக்கு வலிக்கும் தவறு. பக்கத்தைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் மங்கி, கறுப்புத் திட்டுகள் மட்டும் நிற்கும். அவை கண்ணை எங்கே இழுக்கின்றன, எந்த மூலையை மறைக்கின்றன என்பதில்தான் ஓவியரின் கை தெரியும். நல்ல ஓவியர் ஆபத்து நெருங்க நெருங்கக் கறுப்பைக் கூட்டிக்கொண்டே போவார், பிறகு உருவம் வரும் கட்டத்தில் திடீரென்று வெள்ளையைத் திறந்துவிடுவார். கணினியில் வண்ணம் தீட்டிய மறுபதிப்பில் இந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் அமுங்கிப்போகிறது. இரண்டும் கிடைத்தால் கறுப்பு வெள்ளைப் பதிப்பையே எடுங்கள்.

பழைய அமெரிக்கக் கதைகளில் ரத்தக்காட்டேரியே காணோமே என்று சலித்துக்கொள்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1954இல் அங்கே வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள் ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் போன்றவற்றைத் தடுத்தன. 1971இல்தான் அது தளர்ந்தது.

தமிழ் மொழிபெயர்ப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் சொற்கள் நீளம், பலூனின் அளவோ மாறாது. இடம் போதாமல் வசனம் சுருக்கப்படும்போது சிலேடையில் ஒளித்த துப்பு போய்விடலாம். வசனமும் முகபாவமும் ஒட்டாத கட்டம் வந்தால் முகத்தையே நம்புங்கள்.

ஒரே பிரதி பல வீடு சுற்றும் சிறிய ஊர்களில் குறிப்பை ஓரத்தில் எழுதுவது அடுத்தவரின் முதல் வாசிப்பைப் பறித்துவிடும். 4 பத்தித் தாளைப் புத்தகத்துக்குள் மறந்து வைக்காமல் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.