இலங்கை மலையகத்தை முதல்முறை சுற்றிப் பார்ப்பது எப்படி? மழையைப் பார்த்து வழி போடுங்கள்

வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ உறவுக்காரர் யாராவது பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்குவார்கள். கையில் இருபது இடங்கள் எழுதிய பட்டியல் இருக்கும், லீவோ இரண்டு நாள்தான். வேனில் வளைவு வளைவாக ஓடி, கடைசியில் தலைச்சுற்றோடு திரும்பிப் போவார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லி அலுத்துப்போனதை இங்கே எழுதிவிடுகிறேன். மூன்று நாள், தங்க இரண்டு ஊர், நடுவில் ஒரு ரயில் பயணம். முதல் தடவைக்கு இது போதும்.

படி 1: முதலில் மாதம், அப்புறம்தான் ஊர்

மலையகம் முழுக்க ஒரே நேரத்தில் மழை பெய்வது குறைவு. நடுவில் நிற்கும் மலைத்தொடர் மழையை இரண்டாகப் பிரித்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கொட்டும். அதே நாட்களில் ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று ஊவாப் பக்கம் காற்றும் வெயிலுமாக இருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு தை வரை ஊவாவுக்கு மழை முறை. பட்டிப்பொலைக்கும் ஓஹியாவுக்கும் நடுவே வரும் ரயில் சுரங்கத்துக்குள் மழையோடு நுழைந்து, மறுபக்கம் வெயிலில் வெளியே வந்த நாட்கள் எனக்கு உண்டு.

பெப்ரவரி, மார்ச் என்றால் இரண்டு பக்கமும் நல்லது. ஏப்ரலில் நுவரெலியா வேண்டாம். குதிரைப் பந்தயமும் வசந்த காலக் கொண்டாட்டமுமாக ஊர் நிரம்பி வழியும், அறை வாடகை எங்கேயோ போய் நிற்கும்.

சிவனொளிபாதமலையை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அதன் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிகிறது. இரவில் ஏறி விடியலில் இறங்கினால் அடுத்த நாள் கால் உங்கள் பேச்சைக் கேட்காது. அதற்கென்று தனியாக வாருங்கள்.

படி 2: முதல் நாள் நுவரெலியா

உயரம் 1868 மீட்டர். ஊட்டி போய் வந்தவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள், அது 2240 மீட்டர். ஆனாலும் இரவில் கம்பளி இல்லாமல் தூங்க முடியாது. 1873இல் வெட்டிய கிரகரி வாவியையும் சிவப்புச் செங்கல் தபால் நிலையத்தையும் நடந்துபோகிற வழியிலேயே பார்த்துவிடலாம், அரை நாளை அங்கே செலவழிக்க வேண்டியதில்லை.

வெலிமடை பஸ்ஸில் ஏறுங்கள். சில கிலோமீட்டரில் சீதா எலிய. ஓடையோரத்தில் சீதையம்மன் கோயில். கும்பிட்டுவிட்டு அதே வீதியில் இன்னும் கொஞ்சம் போனால் ஹக்கல பூங்கா. 1861இல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம் அது. மலேரியாவுக்கான கொயினா மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் எடுத்தார்கள். பின்னால் ஹக்கல மலை செங்குத்தாக நிற்கும். பிற்பகலில் மூடுபனி இறங்கினாலும் பூங்காவுக்குள் நடக்கத் தடையில்லை, அதனால்தான் இதைப் பிற்பகலுக்கு வைக்கச் சொல்கிறேன்.

படி 3: இரண்டாம் நாள், விடியுமுன் ஹோட்டன் சமவெளி

இங்கேதான் எல்லோரும் தவறு விடுகிறார்கள். நானும் விட்டேன். சித்தப்பாவின் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, காலைச் சாப்பாடெல்லாம் முடித்து, பத்தரை மணிக்கு உலக முடிவு என்கிற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றால், எதிரே வெள்ளை வேட்டி கட்டிவிட்ட மாதிரிப் பனி. "அண்ணா, இதுக்கா கூட்டி வந்தீங்க?" என்று சின்னவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, எப்படிப் போவது? முந்தின நாளே வேன் பேசி, காலை ஆறு மணிக்கு ஹோட்டன் சமவெளிப் பூங்கா வாசலில் நிற்கப் பாருங்கள். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போங்கள். நடைபாதை ஒரு வட்டம், ஏறத்தாழ 9 கிலோமீட்டர், ஆறுதலாக நடந்தால் மூன்று மணி நேரம். பாதை பிரியும் இடத்தில் உலக முடிவுப் பக்கம் முதலில் போங்கள். ஏறக்குறைய 870 மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் விழுகிறது, விளிம்புக்குப் போய் செல்பி எடுக்காதீர்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியைத் திரும்பும்போது பார்க்கலாம், அதற்குப் பனி வந்தாலும் கவலையில்லை. வாசலுக்குப் பக்கத்தில் மரைகள் நிற்கும். பாவம் என்று பிஸ்கட் நீட்ட வேண்டாம்.

படி 4: அன்று பிற்பகல் ரயில்

நுவரெலியாவுக்குப் பக்கத்து ஸ்டேஷனான நானுஓயாவில் பதுளை ரயிலைப் பிடியுங்கள். இருக்கை பதிவு வெகு சீக்கிரம் முடிந்துவிடும். கிடைக்காவிட்டால் அன்றைக்கே மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்து நின்றுகொண்டே வரலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். ஊட்டி ரயிலைப் போல, பல்சக்கரம் பிடித்து ஏற நடுவில் பல்தண்டவாளம் இல்லை. அகலப் பாதையிலேயே ஏறி, பட்டிப்பொல தாண்டி 1898 மீட்டர் உச்சியைத் தொட்டு இறங்குகிறது. பெருமழைக்குப் பிறகு வருவதானால், மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா, ரயில் எதுவரை ஓடுகிறது என்று ஸ்டேஷனில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். ஹப்புத்தளையில் இறங்கித் தங்குங்கள்.

படி 5: மூன்றாம் நாள் லிப்டன் சீட், நேரம் இருந்தால் எல்ல

ஹப்புத்தளையிலிருந்து தம்பேதென்ன பஸ். தேயிலை முதலாளி தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய ஸ்டோர் அங்கே இருக்கிறது. (தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வோம்.) அங்கிருந்து கொழுந்து மலைகளுக்கு நடுவே 7 கிலோமீட்டர் ஏறினால், அவர் உட்கார்ந்து தோட்டத்தைப் பார்த்த உச்சியான லிப்டன் சீட். இதையும் காலையிலேயே செய்ய வேண்டும்.

வழியில் கொழுந்து எடுக்கிறவர்களைக் கண்டதும் கேமராவைத் தூக்காதீர்கள். அவர்களுக்கு நாள் கூலி கிலோக் கணக்கோடு கட்டப்பட்டது, உங்களுக்காக நின்று சிரிக்கும் நேரம் கொழுந்துக் கணக்கில் குறையும். "அக்கா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். ஒருமுறை ஓர் அம்மா என்னிடம், "எடுங்க தம்பி, ஆனா படத்த எங்களுக்கு யாருமே காட்டுனதில்ல" என்றார். எடுத்தால் திரையைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போங்கள்.

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தை மட்டும் பார்த்தால் போதும். இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக எழுப்பி 1921இல் முடித்தது. மற்றதெல்லாம் கோப்பிக் கடைகள்.

மழை நாளில் அட்டை கடிக்கும். காலுறைக்குள் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள், ஏறிவிட்டால் உப்புத் தூவினால் விழுந்துவிடும். லிப்டன் சீட்டுக்கு ஓட்டோவில் ஏறுகிறவர்கள் அதையே மேலே காத்திருக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது வேறு ஓட்டோ கிடைப்பது கஷ்டம். காத்திருக்கும் கூலியையும் சேர்த்து, ஏறும்போதே பேசிவிடுங்கள்.