தோட்டத்து வேலையில் இருப்பவர்கள் குடும்ப விடுப்பைச் சம்பளத்தோடு வாங்குவது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் செக்ரோல், அதாவது வேலை நாளும் சம்பளமும் பதியும் ஏடு, எழுதும் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்து பேர் போட்டார்கள், யாருக்கு என்ன பிடித்தம் என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் போனது. பிரசவ விடுப்புக்குச் சம்பளம் வருமா வராதா என்பது பெரும்பாலும் பிள்ளை பிறப்பதற்கு முன்பே, தாளில் முடிவாகிவிடும். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். வருகிறவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தம் 2023 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. அதுவரை 60 நாளாக இருந்த பிரசவ விடுப்பு 98 நாள் ஆனது. கல்யாணமான ஆண்களுக்கு 7 நாள் தந்தை விடுப்பு சட்டத்தில் ஏறியது. தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் உள்ள சட்டம் இது. சபா, சரவாக்குக்குத் தனிச் சட்டங்கள்.

அம்மாவாகப் போகிறவர் முதலில் தன் வேலை நாள் கணக்கைப் பார்க்க வேண்டும். பிரசவத்துக்கு முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அதே முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். கடைசி நான்கு மாதத்துக்குள் எப்போதாவது அங்கே வேலையில் இருந்திருக்க வேண்டும். வேலையில் இருந்த காலம்தான் கணக்கு. மழையால் குலை வெட்டு நின்ற நாளையும் எம்சி (டாக்டர் கொடுக்கும் நோய் விடுப்பு) எடுத்த நாளையும் கழித்து, “உனக்கு 90 வரவில்லை” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உயிரோடு ஐந்து பிள்ளைகள் இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு விடுப்பு உண்டு, சம்பளம் கிடையாது.

விடுப்பு எப்போது தொடங்கும் என்பதை, பிரசவத் தேதிக்கு முந்திய 60 நாளுக்குள் ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாளுக்கு மேல் இருக்கும்போதே விடுப்பைத் தொடங்க முடியாது. மண்டோரிடம் (வேலையாட்களின் மேற்பார்வையாளரிடம்) வாயால் சொல்லிவிட்டு வந்தேன் என்கிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மண்டோர் மாறிப் போவார், மறந்தும் போவார். தாய்சேய் கிளினிக்கில் கொடுக்கும் பிங்க் புத்தகத்தில் தேதி குறித்த பக்கத்தை நகல் எடுங்கள். ஒரு பக்கக் கடிதம் எழுதி அதோடு இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றை ஆபீசில் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் கடிதத்தைப் படம் எடுத்து ஆபீஸ் கிராணிக்கு வாட்சப்பில் அனுப்புங்கள். அனுப்பிய தேதி அதிலேயே பதிந்திருக்கும்.

அப்பாவுக்கு நிபந்தனை வேறு. அதே முதலாளியிடம் 12 மாதம் நிறைந்திருக்க வேண்டும். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்போ, பிள்ளை பிறந்த பின் கூடிய விரைவிலோ தெரிவிக்க வேண்டும். ஐந்து பிரசவம் வரை இந்த விடுப்பு உண்டு. ஏழும் தொடர்ச்சியான நாட்கள் என்பதால் இடையில் வரும் ஞாயிறும் அதில் அடங்கும். கடிதம் நீளமாக வேண்டாம்: “என் மனைவிக்கு இன்ன தேதியில் பிரசவம் என்று டாக்டர் குறித்திருக்கிறார். வேலைச் சட்டம் 60எஃப்ஏ பிரிவின்படி 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு கேட்கிறேன். கிளினிக் நகல் இணைத்துள்ளேன்.” இதை மலாயில் எழுதினால் ஆபீசில் வேலை சுலபமாக நடக்கும். குலை வெட்டும் இளைஞர்கள் பலர் இந்த விடுப்பைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். முதல் பிள்ளையோடு மனைவி தனியாகத் தவிக்கும் வாரம் அது. தயவுசெய்து கேளுங்கள்.

எனக்கு மனம் ஆறாத இடம் கொந்திராக்டரிடம் (தோட்டத்து வேலையைக் குத்தகைக்கு எடுப்பவரிடம்) வேலை செய்யும் பெண்கள். உரம் போடுவது, புல்லுக்கு மருந்து அடிப்பது, உதிரிப்பழம் பொறுக்குவது எல்லாம் இப்போது பெரும்பாலும் கொந்திராக்ட்தான். வயிறு தெரிந்ததும், “நீ எங்கள் ஆள் இல்லையம்மா” என்கிறார்கள். ஒப்பந்தத் தாள் இல்லாவிட்டாலும், எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கொந்திராக்டர் தீர்மானித்து, கருவியும் அவரே கொடுத்தால், நீங்கள் அவருடைய தொழிலாளி என்றே அனுமானிக்கச் சொல்கிறது 101சி பிரிவு. இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. அதனால் கையில் சான்று வையுங்கள்: சம்பளம் வாங்கிய தேதி, தொகை, லோரி ஏறிய நேரம், வேலை சொல்லி வந்த குரல் செய்தி. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்; பணம் ஏறவில்லை என்றால் கர்ப்பம் வரை காத்திருக்காமல் இன்றே கேளுங்கள். குறைந்தபட்சச் சம்பளமும் இப்போது மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்).

கர்ப்பமாக இருப்பவரை வேலையை விட்டு நிறுத்துவது 41ஏ பிரிவின்படி குற்றம். ஒழுங்கு மீறல், ஒப்பந்த மீறல், தொழிலையே மூடுவது ஆகியவைதான் விதிவிலக்கு. சம்பளம் தராவிட்டாலும், வேலையை விட்டு நிறுத்தினாலும் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் ஈப்போவுக்குப் போவார்கள். வக்கீல் தேவையில்லை. சம்பளச் சீட்டு, பிங்க் புத்தகம், முத்திரை வாங்கிய கடிதம் மூன்றையும் எடுத்துப் போங்கள்.

பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்க்க, டயாலிசிசுக்கு அம்மாவைக் கூட்டிப்போக விடுப்பு உண்டா என்று வாராவாரம் யாராவது கேட்பார்கள். சட்டத்தில் அப்படி ஒரு விடுப்பு இல்லை. எம்சி உங்கள் உடம்புக்கு மட்டும். ஆண்டு விடுப்பு தொடக்கத்தில் 8 நாள், இரண்டு ஆண்டு ஆனால் 12, ஐந்து ஆண்டு ஆனால் 16. அதையும் ஆஸ்பத்திரிக்கே செலவழித்தால் ஓய்வு எங்கே?

இதற்கு இப்போதைக்கு இரண்டு வழி. ஒன்று 60பி (ஆங்கிலத்தில் 60P) பிரிவு: வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வர முடியாத கைக்குழந்தைத் தாய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை திறந்த பிறகு வேலை தொடங்கக் கேட்பதற்கு இது உதவும். மற்றொன்று சங்கம். தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954 முதல் இருக்கிறது. தொழில் உறவுச் சட்டப்படி கூட்டு ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுக்கு நடப்பில் இருக்கும். உங்கள் தோட்டத்து ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கிளைச் செயலாளரிடம் கேளுங்கள். அதற்குப் பல மாதம் முன்பே, “பெற்றோர் பராமரிப்புக்கு ஆண்டுக்கு இத்தனை நாள்” என்ற தீர்மானத்தைக் கிளைக் கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். ஒருவர் போய்க் கேட்டால் அது சலுகை. எழுபது பேர் கையெழுத்திட்டால் அது கோரிக்கை.

பெரிய கோரிக்கை ஒன்றும் இருக்கிறது. 98 நாள் சம்பளத்தையும் முதலாளியே தருவதால், சிறு கொந்திராக்டர்கள் இளம் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குகிறார்கள். அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 183ஆம் உடன்படிக்கை இந்தப் பணம் சமூகக் காப்புறுதியிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ வர வேண்டும் என்கிறது. மலேசியா அதை இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. நமக்கு சொக்சோ (தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இருக்கிறது. வேலை இழந்தவருக்கு 2018 முதல் அதன் வழியாகவே உதவி கிடைக்கிறது. பிரசவச் சம்பளத்தையும் பராமரிப்பு விடுப்பையும் அப்படியொரு நிதியில் சேர்க்கும்படி உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் மனுக் கொடுங்கள். வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக அக்டோபரில் தாக்கலாகும். மனு ஜூலைக்குள் போய்ச் சேரட்டும். அதிலும் பெறுகைத் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.