கத்திரி வெயிலில் பிள்ளைகளுக்கு ஒரு பகல் முகாம்: நம்ம ஊர் வழி

கோடை முகாம் என்றதும் ஜிப்லைனும் டென்டும் வாடகைக்குக் கேட்டு அலைய வேண்டாம். பாளையங்கோட்டை சுற்றுவட்டாரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை வைத்து நடத்த, வேலி அடைத்த ஒரு தோப்பு, நாலைந்து பெரிய மரம், குடிதண்ணீர், கழிப்பறை, ஆறு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் இருந்தால் போதும். மற்றதெல்லாம் வெயிலை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

மே 4-ஐ ஒட்டி அக்னி நட்சத்திரம் தொடங்கி மாதக் கடைசி வரை நிற்கும். அதனால் காலை 6:30-க்கே வரச் சொல்லுங்கள். லீவில்கூட தூங்க விடமாட்டீர்களா என்று பெற்றோர் முனகுவார்கள், பரவாயில்லை. ஓடுவது, ஏறுவது எல்லாம் 9:30-க்குள் முடிந்துவிட வேண்டும், அப்புறம் நிழலில் கைவேலை, சாப்பாடு, கதை, மறுபடி மைதானம் என்றால் நாலரைக்கு மேல்தான். அரை மணிக்கு ஒருமுறை விசில் ஊதி எல்லோரையும் குடிக்க வையுங்கள், தாகம் எடுத்தால் குடி என்று விட்டால் ஆட்ட மும்முரத்தில் இருக்கிற பிள்ளை குடிக்காது. பானைத் தண்ணீர், உப்புப் போட்ட மோர் நல்லது. பதநீர் வாங்கினால் காலையிலேயே காலி செய்துவிடுங்கள், வைத்திருந்தால் புளித்துவிடும்.

மரம் ஏறுவதைத் தடுக்காதீர்கள். அதைவிடப் பெரிய சாகசம் எந்த முகாமிலும் கிடையாது. வேம்பு, புளி சரி. முருங்கையில் மட்டும் யாரையும் விடாதீர்கள், கொப்பு சொல்லாமல் கொள்ளாமல் முறியும். மாமரம் என்றால் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். நீங்கள் கையைத் தூக்கினால் எட்டுகிற உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கால் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். ஏறத் தெரியாத பிள்ளையைத் தூக்கி மேலே வைக்கவே கூடாது, தானாக ஏறாத உயரத்திலிருந்து தானாக இறங்கவும் தெரியாது.

கயிற்றுப்பாலத்துக்கு லாரியில் சுமை கட்டுகிற தடித்த கயிறு இரண்டு போதும். காலுக்கு ஒன்று உங்கள் முழங்கால் உயரத்தில், கைக்கு ஒன்று அந்தக் கயிற்றில் நிற்கிற பிள்ளையின் தோள் உயரத்தில், மரத்தில் சாக்கைச் சுற்றிவிட்டு அதன்மேல் கட்டுங்கள், கீழே மணல் கொட்டுங்கள். முதலில் நீங்களே ஏறி ஆட்டிப் பாருங்கள். முடிச்சு கைவரவில்லையா, லாரி ஷெட்டில் லோடு கட்டுகிற அண்ணாச்சி ஒருவரை ஒரு நாள் காலையில் கூப்பிட்டு, கட்டுவதோடு பிள்ளைகளுக்கும் சொல்லித்தரச் சொல்லுங்கள். அவர் கயிற்றை இழுத்து இறுக்குகிற அழகைப் பார்த்தாலே பாதிப் பிள்ளைகள் மொபைலை மறந்துவிடுவார்கள்.

நிழல் நேரத்துக்கு நுங்கு வண்டி. நோண்டித் தின்ற இரண்டு நுங்குக் காயை ஒரு சின்னக் குச்சியில் கோத்தால் சக்கரமும் அச்சும் ஆயிற்று, நீளமான கவைக்கம்பால் அச்சைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஓலைக் காற்றாடி இன்னும் நுணுக்கம். பனை ஓலைக் கீற்று இரண்டைக் குறுக்கே மடித்துக் கோத்து, நடுவில் உடைமுள்ளைக் குத்தி, முள்ளைச் சோளத்தட்டையில் செருக வேண்டும். துளை முள்ளைவிட ஒரு நூல் பெரிதாக இருந்தால்தான் சுற்றும், இறுகிவிட்டால் எவ்வளவு மேல்காற்று அடித்தாலும் அசையாது. முள்ளின் கூர்நுனியை நீங்களே முறித்துவிட்டுக் கையில் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேலை. ஒரு மீட்டர் குச்சியை வெயிலில் நேராக நட்டு, 11:30 முதல் பத்து நிமிஷத்துக்கு ஒரு பிள்ளை தொப்பியோடு ஓடி, நிழல் நுனியில் ஒரு கல்லை வைத்துவிட்டு வரட்டும். நிழல் மிகக் குட்டையாவது 12 மணிக்கு அல்ல, 12:15 வாக்கில். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, நாம் அதற்கு மேற்கே 77.7-ல் இருக்கிறோம். அந்தக் குட்டை நிழல் தெற்கே விழும் பாருங்கள், அதுதான் வேடிக்கை. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலையைக் கடந்து வடக்கே போய்விடுகிறது, மே நடுவில் நிழல் ஒரு சாண்கூட இருக்காது. நடுப்பகல் நிழல் வடக்கே என்று எங்கோ படித்த பிள்ளை சண்டைக்கு வருவான். திசைகாட்டியை அவன் கையிலேயே கொடுங்கள்.

வேன் கிடைத்தால் ஒரு நாள் விடியற்காலையில் இட்டமொழிப் பக்கம் தேரிக்கு, அதாவது செம்மணல் மேட்டுக்குப் போங்கள். அங்கே நடமாடின கௌதாரி, கீரி, மயில் எல்லாம் செம்மணலில் தடம் விட்டிருக்கும், காற்று எழும்பினால் அழிந்துவிடும். புனல்போலக் குழி தெரிந்தால் அதனடியில் குழியானை என்கிற சின்னப் பூச்சி இருக்கும், கையில் எடுத்து விட்டால் பின்னோக்கியே நடக்கும். எல்லோருக்கும் ஷூ கட்டாயம், சுருட்டை விரியன் உள்ள இடம். கல்லைப் புரட்டினால் திறக்கிற பக்கம் எதிர்ப்புறம் இருக்கும்படி தன் பக்கமாகத் தூக்கப் பழக்குங்கள், தேள் இருந்தால் அந்தப் பக்கம் ஓடும்.

தாமிரபரணி இருக்கும்போது ஆற்றுக்குப் போகாமலா என்று கேட்பார்கள். கூட்டமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்காதீர்கள், அவ்வளவுதான். மணல் அள்ளின பள்ளமும் ஆழமான கசமும் மேலிருந்து பார்த்தால் தெரியாது, முழங்கால் தண்ணீரில் நிற்கிறவன் அடுத்த எட்டில் ஆளுயரத்தில் இருப்பான். கரையில் மருதமர நிழலில் பறவை பார்க்கலாம், கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கும் போகலாம், குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று விசாரித்துவிட்டு.

வெயிலில் ஒரு பிள்ளை உளறினாலோ தள்ளாடினாலோ உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

சேர்க்கும்போதே வீசிங், ஒவ்வாமை, வலிப்பு உண்டா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய உடுப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முழங்காலில் சிராய்ப்போடும் சட்டையில் நுங்குக் கறையோடும்தான் பிள்ளை வீடு திரும்பும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட்டால், பிறகு போனில் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.